சிவெட் என்ற சொல்லுக்காக ஜவ்வாது மலையில் இரண்டு நாள்

புனுகுப்பூனைக்கு டச்சு மொழியில் 'சிவெட்கட்' என்று பெயர். கட் என்றால் பூனை. சிவெட் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பியது.

நான் ஹாலந்தில் ஊத்ரெக்ட் நகரில் இருபது வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் தமிழர்கள் பேசுவதை டச்சில் சொல்வேன், டச்சுக்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வேன். அங்கே விம் என்றொரு நண்பர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். டச்சுச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடி ஒரு புத்தகம் தொகுத்துக்கொண்டிருக்கிறார். சிவெட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இத்தாலிய மொழிக்குப் போய், கடைசியில் அரபியில் 'ஸபாத்' என்ற சொல்லில் போய் நின்றார். நுரை என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு. அந்த ஸபாத்தே கப்பலேறி நம் கரைக்கு வந்து சவ்வாது ஆனது.

"உன் ஊர் மலைக்கே அந்தப் பெயராமே?" என்று கேட்டார் விம். "அங்கே அந்தப் பூனையை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? மலைக்குப் பெயர் அதனால்தான் வந்ததா? ஊருக்குப் போகும்போது கேட்டுச் சொல்."

என் ஊர் சந்தவாசல். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்தேன். பிறந்ததிலிருந்து கண்ணில் பட்ட மலை, ஆனால் ஒருமுறைகூட ஏறியதில்லை. நான் பையை எடுத்தபோது அண்ணன், "அங்க இன்னா இருக்குதுன்னு போற? ஒரு வார்த்தையக் கேக்கறதுக்கா?" என்றான். ஆமாம் என்றேன். சிரித்தான்.

முதல் நாள் காலை, பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னலோரம் கிடைத்தது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே புளி மூட்டை ஏற்றிய லாரி வந்துவிட்டது. யார் பின்னால் போவது என்று இரண்டு டிரைவர்களும் ஹாரனாலேயே சண்டை போட்டார்கள். தோற்றது எங்கள் டிரைவர். பஸ் பின்னால் போகப் போக நான் கீழே பார்த்தேன். சாலை தெரியவில்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது. நான் இருபது வருடம் கடல்மட்டத்தை ஒட்டியே வாழ்ந்தவள். ஹாலந்தில் உயரம் என்றால் பாலத்தின் மேடுதான். முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் மடியில் உப்புப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "டிரைவரு நம்ம ஊரு ஆளுதான். பயப்படாதீங்க" என்றார்.

பயத்தை மறக்க அவரிடமே முதல் கேள்வியைக் கேட்டேன். இந்த மலைக்கு ஏன் ஜவ்வாது என்று பெயர்?

"எங்களுக்கு மலைதாங்க. பேரெல்லாம் கீழ இருக்கறவங்களுக்குத்தான் வேணும்."

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. சீத்தாப்பழம், தேன், சாமை, மிளகாய், பிளாஸ்டிக் குடம், ரப்பர் செருப்பு. ஒரு தள்ளுவண்டியில் சுடச்சுட போண்டா வாங்கித் தின்றேன். உள்ளே இஞ்சி கடிபட்டது. ஹாலந்தில் கிடைக்காத காரம். தெம்பு வந்ததும், நாட்டு மருந்து பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் போய், "புனுகு கெடைக்குங்களா?" என்று கேட்டேன். எனக்கு வேண்டியது புனுகு இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்வார் என்று பார்க்க நினைத்தேன்.

அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "யாரும்மா நீங்க?" என்றார். பிறகு, "அப்பிடி ஒண்ணு இங்க கெடையாது" என்று சொல்லி, மருந்துகளின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். பத்து மணி வெயிலில்.

அடுத்த இரண்டு கடைகளிலும் அதே கதைதான். அதற்குப் பிறகு நான் நடந்த பக்கமெல்லாம் பேச்சு நின்றது. டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் டீயை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"புனுகு, சந்தனம் இதெல்லாம் இங்க வாய வுட்டுக் கேக்கக் கூடாதுங்க. அதக் கேக்கறவங்க ரெண்டே வகைதான். ஒண்ணு வாங்க வந்தவன். இன்னொண்ணு புடிக்க வந்தவன். நீங்க எது?"

நான் மூன்றாவது வகை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிர் பெஞ்சில் இரண்டு பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் சாமை பத்திப் பத்திரிகைல எழுத வந்தவங்க. அது சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் விரிந்தது. "அத மொதல்லயே சொல்றதுதான? காசின்னு ஒருத்தரு இருக்காரு. இந்த வருசம் அவரு கொல்லையிலதான் நல்ல சாமை. நாளைக்கி போய்ப் பாருங்க."

ஒரு பொய் எவ்வளவு எளிதாகக் கதவைத் திறக்கிறது என்று அன்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள். விடியும் வரை நல்ல மழை. ஷேர் ஆட்டோ ஒன்றில் எட்டு பேரோடு ஒன்பதாவதாகத் தொற்றிக்கொண்டு, இறங்கி, இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். காசி என்பதும் அம்சா என்பதும் நான் வைத்த பெயர்கள்.

காசிக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். அவர் மனைவி அம்சா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். நான் சாமை என்றதும் கொல்லைக்கு (புன்செய் நிலத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) அழைத்துப்போய்க் காட்டினாள். கதிர் பால் பிடித்துத் தலை சாய்ந்து நின்றது. நடுநடுவே உழுது போட்டது போலக் குழிகள்.

"பன்னிங்க. ஒரு ராத்திரி எறங்கினா பாதி கொல்ல போய்டும். ஆறு மாசம் பாடுபட்டது" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். நெல்லுச் சோற்றைவிட லேசாக, வாயில் மணல் போலப் பிரிந்து போகும் சோறு. குழம்பில் பூண்டு தூக்கலாக இருந்தது. நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். "நல்லா சாப்புடுங்க, எளச்சிப் போய்க்கீறீங்க" என்றாள் அம்சா.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

எனக்கு அதைத் தெரியும். விம் ஒருமுறை, பழைய வாசனைத் திரவியக் கடை ஒன்றிலிருந்து வாங்கிவந்த சின்னக் குப்பியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். ஒரு காலத்தில் ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் இந்தப் பூனைகளை வீட்டில் கூண்டில் வைத்து வளர்த்து, அவற்றின் சுரப்பியை வழித்தெடுத்து விற்றார்கள் என்று சொன்னார். முதலில் குமட்டும், பிறகு விடாது. நனைந்த சாக்கு, மூத்திரம், அதற்கு அடியில் எங்கோ பூ. அதே வாசனை இப்போது தானியக் குதிருக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே எதையோ கீறும் சத்தம்.

என் கை சோற்றில் நின்றது. அம்சா என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று எழுந்து கை கழுவப் போனேன். பதற்றத்தில் நோட்டுப் புத்தகத்தைத் தட்டிவிட்டேன். விம் கொடுத்திருந்த படம் மடிப்புப் பிரிந்து தரையில் விழுந்தது. பழைய டச்சுப் புத்தகத்தின் ஓவியம்: கூண்டுக்குள் ஒரு புனுகுப்பூனை, பக்கத்தில் கரண்டியோடு ஒரு மனிதன்.

காசி அதை எடுத்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார்.

"யாரு அனுப்பிச்சது ஒன்ன?"

காலையிலிருந்து 'நீங்க' என்று பேசியவர் 'ஒன்ன' என்றார். சொற்களைக் கவனிப்பது என் தொழில். 

"யாரும் அனுப்பலைங்க. நான்..."

"சாமைன்னு சொன்ன. புஸ்தகத்துல பூனைய வெச்சிக்கிற. அந்த பைக்குக்காரனா? இல்ல பாரஸ்ட் ஆபீஸா?"

எந்த பைக்குக்காரன் என்று எனக்குத் தெரியாது. கைபேசியைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நான் இங்கே வந்தது அந்த டீக்கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்தது பொய்தான்.

உண்மையைச் சொன்னேன். ஹாலந்து, விம், சிவெட், சவ்வாது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்ப முடியாத கதையாகத் தோன்றியது.

"ஒரு வார்த்தைக்கா வந்த?" என்றார் காசி. "ஏன், கீழ வார்த்தை கெடைக்கலியா?"

யாரும் சிரிக்கவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அவர் கதவை விட்டு நகரவில்லை. கடைசியில் அம்சாதான் பேசினாள்.

"வுடுய்யா. அந்தம்மா கையப் பாரு. வாங்க வந்தவ இப்பிடி நடுங்குவாளா? புடிக்க வந்தவ தனியா வருவாளா?"

அவள் குதிருக்குப் பின்னால் போய், கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடை ஒன்றை இழுத்து வந்தாள். மேலே போட்டிருந்த சாக்கை விலக்கினாள்.

உள்ளே அது சுருண்டு கிடந்தது. வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் நீளம். சாம்பல் உடம்பில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், வாலில் வளையங்கள், எலி போலக் கூரான மூஞ்சி. பின்னங்கால் ஒன்று வீங்கி, சதைக்குள் மெல்லிய கம்பி புதைந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சீறக்கூட அதற்குப் பலமில்லை. பக்கத்தில் தொடப்படாத வாழைப்பழமும் ஒரு முட்டையும்.

நாலு நாளைக்கு முன்னால் கொல்லை ஓரத்தில் சுருக்குக் கம்பியில் மாட்டியிருந்தது என்றாள் அம்சா. கம்பியைக் கட்டையிலிருந்து அறுத்துவிட்டாள்; காலிலிருந்து எடுக்க முடியவில்லை. விட்டால் செத்துவிடும், வைத்திருந்தாலும் செத்துவிடும். சந்தையில் யாரோ வாயை விட, கீழேயிருந்து பைக்கில் ஒரு ஆள் வந்துவிட்டான். உயிரோடு வேண்டும் என்றான். காசி முடியாது என்றதும், "அப்பால நான் போய் ஆபீஸ்ல சொல்றேன், கம்பி வெச்சது யாருன்னு" என்று மிரட்டினான். இன்றைக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கம்பி வைத்தது காசி.

"ஆபீஸ்ல நாமளே கொண்டுபோய்க் குடுத்துடலாம்" என்றேன். "நானும் வர்றேன். சாட்சி சொல்றேன்."

"நீ போய்ட்டு எழுதிடுவ. நான் உள்ள போவேன்" என்றார் காசி.

அம்சா குனிந்தாள். கூடையின் வாயைச் சாக்கால் மூடிக் கயிறு கட்டினாள். சும்மாடு கோலினாள். கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். காசி அவளையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நானும்.

ஷேர் ஆட்டோ வரும் சாலைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ஆட்டோ வராது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. ஹாலந்தில் மரம் விழுந்தால் அரை மணியில் ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் வந்துவிடுவார்கள். இங்கே மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். முழுக்கைச் சட்டை, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட், பக்கத்தில் சிவப்பு பைக்.

அம்சாவின் நடை ஒரு கணம் தடுமாறியதிலிருந்தே அவன் யாரென்று புரிந்தது.

"இன்னா காசி, நான் அங்கதான் வந்துகினு இருந்தேன். மரம் வுழுந்துட்ச்சி" என்றான் சிரித்துக்கொண்டே. "பொருளு எப்பிடிக்கீது?"

"செத்துப் பூட்ச்சி" என்றார் காசி.

"எப்போ?"

"முந்தாநேத்து. பொதச்சிட்டேன்."

அவன் கண் கூடைக்குப் போனது. "அது இன்னா?"

"கோழி" என்றாள் அம்சா. அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள் அது நகங்களால் மூங்கிலைக் கீறியது. கோழி அப்படிக் கீறாது. மழை கழுவிய காற்றில் வாசனை அவனுக்கும் போயிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டை பைக்கின் மேல் வைத்தான். மரத்தின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

காசி அம்சாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கையில் ஒன்றுமில்லை. அவனோ அவரைவிட ஒரு சுற்று பெரியவன்.

நான் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். இன்னும் சிக்னல் இல்லை. "ஹலோ, ஆமா சார்" என்று உரக்கச் சொன்னேன். "மரம் விழுந்த எடத்துலதான் நிக்கிறோம். ஜீப் வந்துட்டு இருக்கா? சரி சார். ஒரு ஆளு இருக்காரு. பைக் நம்பரா? சொல்றேன், எழுதிக்குங்க." அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

மூன்றாவது எழுத்தில் கால் மரத்திலிருந்து இறங்கியது. ஐந்தாவதில் பைக் கிளம்பியது. போகும்போது காசியைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"யாருகிட்ட பேசினீங்க?" என்றாள் அம்சா.

"யாருகிட்டயும் இல்ல."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதாள். பிறகு கூடையை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தைத் தாண்டினாள்.

அவன் திரும்பி வந்துவிடுவானோ என்று ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கி, பெரிய சாலைக்கு ஒரு மணி நேரம் நடந்தோம். கைகாட்டியதும் பஸ் நின்றது. ஏறி இரண்டு நிமிடத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவர் மூக்கைத் துண்டால் மூடினார். கண்டக்டர் மோப்பம் பிடித்தபடி எங்கள் சீட்டுக்கு வந்தார்.

"இன்னா நாத்தம் இது? கூடையில இன்னா?"

நான் அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தேன். அதற்குள் காசி, "புனுகுப்பூனைங்க" என்றார். "கம்பில மாட்டிகிச்சி. காலு போய்டும் போலக்கீது. ஆபீஸ்ல குடுக்க எடுத்துனு போறோம்."

அந்த வீட்டில் நான் இருந்த நேரம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் அதை 'அது' என்றுதான் சொன்னார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரைச் சொன்னால் யார் காதிலாவது விழுந்துவிடும் என்று நாலு நாள் பெயர் இல்லாமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

கண்டக்டர் கூடையைப் பார்த்தார், காசியைப் பார்த்தார். "மூணு டிக்கெட்டுதான?" என்று கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய், டிரைவரிடம் ஏதோ சொன்னார். பஸ் நடுவில் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் போய் வன அலுவலகத்துக்கு எதிரில் நின்றது.

போகிற வழியில் நான் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டேன். 'கொல்லை ஓரத்தில் கம்பியில் சிக்கிய நிலையில் காணப்பட்டது.' யார் வைத்த கம்பி என்று அதில் இல்லை. இருபது வருடம் கோர்ட்டில் நின்றவளுக்கு இப்படி ஆளில்லாத வாக்கியம் செய்யத் தெரியும். காசியிடமும் சொன்னேன். அவர் கூடைக் கயிற்றைச் சரிபார்த்தார்.

அலுவலகத்தில் இருந்த வனவர் முப்பது வயதுப் பெண். கூடையைத் திறந்து பார்த்தார். உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார். ஒரு தாளை எடுத்தார். என்னிடம், "நீங்க எதுக்கு மலைக்கு வந்தீங்க?" என்றார். ஒரு வார்த்தையைத் தேடி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். பைக்குக்காரனைப் பற்றிச் சொன்னேன். நம்பரை அம்சாவும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"கம்பி யாரு வெச்சது?"

நான் தொடங்கினேன். "கொல்லை ஓரத்துல கம்பியில சிக்கிய நெலமையில..."

"நான்தாங்க" என்றார் காசி.

அம்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பன்னிக்கி வெச்சேன். நாலு வருசமா வெக்கிறேன். இன்னும் இருக்குதுங்க. வந்தீங்கன்னா காட்டறேன்."

வனவர் பேனாவைக் கீழே வைத்தார். காசியை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாதே" என்றார்.

"தெரியாதுங்க" என்றார் காசி. "இவளுக்குத் தெரியும்ல. நாலு நாளா இவ சோறு துன்னல."

வனவர் பேனாவை எடுத்தார். எழுதினார். எல்லாவற்றையும், ஒரு சொல்லைக்கூட விடாமல். மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி அதுதான்: கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அன்று நான் குறைக்கப் பார்த்தேன். காசிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நான் சாட்சிக் கையெழுத்து போட்டபோது என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டுக் கம்பியை எடுத்தார். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. காசியை அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுநாள் வரச் சொல்லி. மறுநாள் அவரே வனக் காவலர்களைக் கூட்டிப்போய் மீதிக் கம்பிகளைக் காட்டி, தன் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அப்போது நான் கீழே இறங்கும் பஸ்ஸில் இருந்தேன். என் துப்பட்டாவை மூன்று முறை துவைத்தும் வாசனை போகவில்லை. "இன்னாடி இது, கோயில்ல வர்ற வாசனையா, கக்கூஸ்ல வர்ற வாசனையா?" என்றான் அண்ணன். இரண்டும்தான் என்றேன்.

விம்முக்கு எழுதினேன். சிவெட்டும் சவ்வாதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். மலைக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அங்கே அந்த மிருகத்துக்குப் பெயர் தெரியும், ஆனால் பெயரைச் சொல்ல தைரியம் வேண்டும். கடைசி வரியைப் புத்தகத்தில் போட முடியாது என்று விம் பதில் எழுதினார். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு, "அவரை ஜெயிலில் போட்டார்களா?" என்று கேட்டார். வழக்கு நடக்கிறது, தானாகக் கொண்டுவந்து கொடுத்ததால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொல்கிறார் என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம், ஊத்ரெக்ட்டில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்சா கூப்பிட்டாள். சிக்னலுக்காக மேட்டு மேல் ஏறி நின்று பேசுவதாகச் சொன்னாள். அங்கே பொழுது சாய்ந்திருந்தது.

"வுட்டுட்டாங்கக்கா. எங்க ரெண்டு பேரையும் கூட்டினு போனாங்க. கூண்டத் தொறந்ததும் ஒரு நொண்டு நொண்டிச்சி. அப்பால ஓடியே பூட்ச்சி. திரும்பிக்கூட பாக்கல."

காசி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காரு. கம்பி இல்ல, இல்லையா? கதிரு அறுக்கற வரைக்கும் கொல்லையிலதான் காவலு."

அவளுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ தகர டின்னைத் தட்டும் சத்தம் கேட்டது. டங், டங், டங் என்று, சீராக, நிற்காமல்.

"தோ, கேக்குதா?" என்றாள் அம்சா. "அதான் அவரு."